முழங்காலுக்கு மேலே

சாலிக்கரையில் ஒரு புதன்கிழமை பகல் பதினொன்றே கால் மணிக்கு, மூடிக்கிடக்கும் நூல்மில்லின் பின்பக்கத் தாழ்வாரத்தில், நல்லதம்பி முழங்காலுக்கு மேலே இல்லாமல் போனான். கீழே இருந்தான். கறுப்புப் பேண்ட்டின் கால்கள் இரண்டு, அவற்றின் அடியில் பாலிஷ் போட்டுப் பளபளத்த ஷூ இரண்டு, வெயிலில் அவற்றின் நிழல் இரண்டு. அதற்கு மேலே மில்லின் காரை பெயர்ந்த சுவர்தான் தெரிந்தது.

இது ஒரு பாடத்துக்காக நடந்தது. ஊருக்கு வெளியே உள்ள கல்லூரியில் சினிமா படிப்பு எடுத்திருந்த இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு, திரில்லர் படம் ஒன்றின் முதல் இரண்டு நிமிடத்தை எடுத்துவரச் சொல்லியிருந்தார் சகாயராணி மேடம். “கதை எனக்கு வேணாம். ஆரம்பம் மட்டும் போதும். ஆனா ஒண்ணு விடாம எல்லாம் இருக்கணும்” என்று அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். தனியாக ஒரு பெண் இருக்க வேண்டும், விட்டுவிட்டு எரியும் டியூப்லைட் வேண்டும், சொட்டும் குழாய் வேண்டும், எடுத்தால் யாரும் பேசாத போன் வேண்டும், பின்னால் ஷூச் சத்தம் வேண்டும், ஷூவைக் காட்ட வேண்டும், ஷூவுக்கு உரியவனைக் காட்டவே கூடாது. உலகத்தில் உள்ள திரில்லர்கள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன, அப்படி ஆரம்பிக்காதது திரில்லரே இல்லை என்று மேடம் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இயக்கம் அஞ்சுகம். பம்புசெட் மெக்கானிக் மகள், கையில் எப்போதும் ஒரு அட்டையும் பேனாவும் வைத்திருப்பவள், சொன்னதைச் சொன்னபடி செய்து முதல் மார்க் வாங்குபவள். கேமரா ரபீக். அவனுடைய மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஷூ பத்தாம் நம்பர். வகுப்பில் பத்தாம் நம்பர்க் கால் நல்லதம்பிக்கு மட்டும்தான் இருந்தது. அவன் கடைசி வரிசை. கல்லூரிக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவனிடம் மற்றவர்கள் கேட்டது இரண்டே கேள்விதான். ஒன்று, “நீ நம்ம கிளாஸா?” இன்னொன்று, “கொஞ்சம் நகர்றியா?”

ஆகவே அஞ்சுகம் வந்து “உன் காலு வேணும்” என்று கேட்டபோது அவன் சந்தோஷப்பட்டு, முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டு, பருவுக்கு மருந்து தடவி, பவுடர் பூசி வந்து நின்றான்.

“மூஞ்சிக்கு எதுக்குடா பவுடரு?” என்றான் ரபீக்.

“கடைசியில ஒரே ஒரு தடவ காட்டலாம்ல?”

“திரில்லர்ல வில்லன் மூஞ்சிய ஆரம்பத்துலயே காட்டிட்டா பயம் போயிரும்” என்றாள் அஞ்சுகம். “அதெல்லாம் இன்டர்வெலுக்கு அப்புறம்தான்.”

“இன்டர்வெல்ல எப்ப எடுப்பீங்க?”

“நமக்கு அசைன்மென்ட்டே ரெண்டு நிமிஷம்தான்டா.”

பட்டப்பகலை ராத்திரியாக்க ரபீக் லென்ஸின் மேல் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டினான். நல்லதம்பி நடந்தான். டொக், டொக், டொக். ஏழு தடவை எடுத்தார்கள். ஏழாவது தடவை எல்லாம் சரியாக அமைந்து அஞ்சுகம் “கட்” என்றபோது மேலே அவன் இல்லை.

“டேய், எங்கடா போன?”

“இங்கதான நிக்கிறேன்” என்றது குரல். ரபீக் கையை நீட்டித் துழாவியதில் விரல் அவன் மூக்குத் துவாரத்துக்குள் போய்விட, இருவரும் கத்தினார்கள். ஆள் இருந்தான், சூடு இருந்தது, வேர்வை இருந்தது, பவுடர் வாசனைகூட இருந்தது. பார்வைக்குத்தான் இல்லை. ஷூவைக் கழற்றிப் பார்த்தார்கள். வெறுங்கால் தெரிந்தது, மேலே ஒன்றும் வரவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். தண்ணீர்தான் காணாமல் போனது. இதற்குள் பன்னிரண்டு மணி பஸ் வந்துவிட்டதால், அதை விட்டால் இரண்டரைக்குத்தான் என்பதால், மூவரும் ஏறினார்கள். கண்டக்டர் குனிந்து பார்த்து, “இவருக்கு முழு டிக்கெட்டா, அரையா?” என்று கேட்டார். முழு டிக்கெட் எடுத்தார்கள். ஷூவை ரபீக் திரும்பக் கேட்கவில்லை.

சகாயராணி மேடம் படத்துக்கு இருபதுக்குப் பத்தொன்பது போட்டார். போன் மணியாக ரபீக் ஒரு பக்திப் பாட்டை வைத்திருந்ததால் ஒரு மார்க் போனது. நல்லதம்பியின் நிலைமையைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஷூக்களை ஒருமுறை பார்த்து, “இந்த அளவுக்கு விதியை மதிச்ச ஸ்டூடன்ட நான் பாத்ததில்ல” என்றார். பருவத் தேர்வில் கண்காணிப்பாளர் ஹால்டிக்கெட்டை வாங்கி, அதில் உள்ள போட்டோவையும் நாற்காலிக்கு மேல் இருந்த காற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போட்டோ இருந்ததால் போதும் என்று கையெழுத்துப் போட்டார்.

அவனுடைய அம்மா மூக்கம்மா மட்டும் மூன்று நாள் அழுதாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் அவள். நாலாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனுக்குச் சோறு போட்டாள். தட்டிலிருந்து உருண்டை உருண்டையாகச் சோறு மேலே போய் மறைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, “ரசம் ஊத்தவா?” என்று காற்றைக் கேட்டாள். காலையில் அவன் கிளம்பும்போது இரண்டு உள்ளங்கையாலும் அவன் முகத்தைத் தேடிப் பிடித்து, நெற்றியிலிருந்து தாடை வரை ஒருமுறை தடவிப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் பயந்தது. சாலிக்கரை சினிமா பார்த்து வளர்ந்த ஊர். முகம் தெரியாமல் ஷூ மட்டும் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். டொக், டொக் என்று சத்தம் கேட்டதும் கடைவீதியில் பேச்சு நிற்கும், கறிக்கடையில் கத்தி பாதியில் நிற்கும், ரேஷன் கடை வரிசை தானாக இரண்டாகப் பிரிந்து நடுவில் வழி விடும். “அண்ணே, நான் மூக்கம்மா மகன் நல்லதம்பிண்ணே, பின்னாடியே நிக்கிறேன்” என்று அவன் சொன்னால் பயம் இன்னும் கூடியது. இவ்வளவு பணிவாகப் பேசும் வில்லன்தான் இருப்பதிலேயே மோசமானவன் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பயம் மரியாதையான கதை தாலுகா ஆபீசில் நடந்தது. வருமானச் சான்றிதழுக்கு நல்லதம்பி ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தான். ஷூவோடு அவன் போய் நின்ற அன்று, ஆறு மாதமாக “நாளைக்கு வா” என்று சொன்ன கிளார்க் நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, நடுக்கத்தில் பேனாவைத் தவறவிட்டு, எடுக்கக் குனிந்தார். குனிந்த இடத்தில் ஷூ இருந்தது. குனிந்தது குனிந்தாயிற்று என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டார். அதைப் பார்த்த அடுத்த மேசைக்காரர், புதுச் சுற்றறிக்கை ஏதோ வந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து அவரும் விழுந்தார். வரிசையில் நின்ற பொதுமக்கள், அடுத்த கட்டம் இதுதான் போலிருக்கிறது என்று ஒவ்வொருவராக விழுந்து எழுந்து அவரவர் மனுவை நீட்டினார்கள். சாலிக்கரைக்கு இதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. மூன்று தலைமுறையாகப் பெரியவர்கள் காலில் விழுந்து பழகிய ஊர் அது. விழுகிறவன் கண்ணுக்குத் தெரிவது எப்போதும் முழங்காலுக்குக் கீழேதான்.

முதலில் நல்லதம்பி கூசினான். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பிறகு இழுக்காமல் இருந்தான். பிறகு, யாராவது விழாமல் போனால் நின்று பார்க்க ஆரம்பித்தான்.

பேரூராட்சித் தலைவர் வீரகுமார் இதையெல்லாம் காரின் கறுப்புக் கண்ணாடி வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தார். ஊர் நடுவே இருக்கும் பாலூரணியை மூடிவிட்டு அங்கே கடை வளாகம் கட்ட வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஆசை. ஊரணியைச் சுற்றி நூற்றுப் பன்னிரண்டு வீடு. அத்தனை வீட்டிலும் சம்மதக் கையெழுத்து வேண்டும். கோடையில் லாரித் தண்ணீர் வராத நாளில் ஊரணியில் இறங்கித்தான் குடம் நிறைக்க வேண்டியிருந்தது என்பதால் ஒருத்தரும் போடவில்லை. வீரகுமார் நல்லதம்பியை வரவழைத்து, ஏசி அறையில் உட்காரவைத்து, “தம்பி நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், ஒண்ணும் பேச வேணாம். சும்மா வந்து வாசல்ல நில்லுங்க போதும்” என்றார்.

தம்பி நீங்க என்று அவனை அதுவரை யாரும் சொன்னதில்லை. போய் நின்றான். பூட்டிய கதவின் அடி இடுக்கில் இரண்டு ஷூ தெரியும். உள்ளே பேச்சு நிற்கும். குழாய் சொட்டுவது கேட்கும். கொஞ்ச நேரத்தில் காகிதம் இடுக்கு வழியாகக் கையெழுத்தோடு வெளியே வரும். இப்படி நூற்றுப் பத்து வீடு முடிந்தது. வீரகுமார் அவனை இளைஞரணிச் செயலாளர் ஆக்கினார். பஸ் நிலையத்தில் இருபதடி உயரத்துக்கு ப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் வீரகுமார் சிரித்தபடி கைகூப்பியிருந்தார். அவர் பக்கத்தில் இரண்டு ஷூ. மேலே “எங்கள் எதிர்காலமே!” என்று எழுதியிருந்தது.

மிச்சம் இரண்டு வீடு. ஒன்று வடகரையில் அஞ்சுகத்தின் வீடு. இன்னொன்று தென்கரையில் மூக்கம்மாவின் வீடு.

“அம்மாகிட்ட நீங்களே வாங்கிருவீங்கள்ல” என்று வீரகுமார் சிரித்தார்.

அவன் காகிதத்தை நீட்டியபோது மூக்கம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைக்கவில்லை.

“ஊரே போட்டிருச்சும்மா.”

“ஊருக்கு நீ யாரோ. எனக்கு நீ மகன். உன் மூஞ்சிய காட்டிட்டு என்கிட்ட கேளு, போடுறேன். ஷூ கேட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“என் மேல கோவமா?”

“கோவப்படக்கூட மூஞ்சி வேணும்ல சாமி. நான் எதைப் பாத்துக் கோவப்படுறது?”

அவன் வெளியே வந்து ஊரணியைச் சுற்றிக்கொண்டு வடகரைக்கு நடந்தான். தெரு காலியானது. ஜன்னல்கள் சாத்தின. அஞ்சுகத்தின் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வழக்கம்போல் பேசாமல் நின்றான். மற்ற வீடுகளில் காகிதம் வந்ததுபோல இங்கே வரவில்லை. கேட் திறந்தது. அஞ்சுகம் வந்து, ஷூவைப் பார்க்காமல், அவன் கண் இருக்க வேண்டிய உயரத்தைக் கணக்குப் பண்ணி அங்கே பார்த்தாள்.

“நல்லா இருக்கியா நல்லதம்பி?”

அவனிடம் அதை யாரும் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் காற்றில் கேட்டது.

“உள்ள வா. தண்ணி குடி.”

“அஞ்சுகம், என் மூக்கு எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு. சப்பையா, கூரா? நீ பாத்திருப்பல்ல, சொல்லேன்.”

அஞ்சுகம் யோசித்தாள். அவளுக்கும் நினைவு வரவில்லை. எட்டு மாதமாக ஊர் செய்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். அது பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவள் செய்தது அதற்கும் முந்தினது. ஏழு தடவை அவனை நடக்கவைத்தாள், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கம் உடம்பு முழுக்கப் பரவியது.

“பாக்கல” என்றாள். “மன்னிச்சிருடா. நான் உன் காலைத்தான் பாத்தேன்.”

பிறகு அவன், “அம்மா மூஞ்சிய காட்டுனாத்தான் கையெழுத்துப் போடுவேங்குது” என்றான். அதற்காகவா மூஞ்சி வேண்டும் என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்காமல் ரபீக்குக்குப் போன் போட்டாள்.

மறுநாள் பகல் அதே மில், அதே தாழ்வாரம். நீலத்தாளைக் கிழித்து எறிந்தார்கள். “ஷூவுல ஆரம்பி. அப்படியே மேல வா. முழங்கால்ல நிறுத்தாத” என்றாள் அஞ்சுகம்.

“மேல ஒண்ணும் இல்லியே, எதைப் பாத்து போகஸ் பண்றது?”

“இருக்கான்னு நெனச்சுப் பண்ணு.”

ரபீக் கேமராவைத் தூக்கினான். ஷூ வந்தது. பேண்ட் வந்தது. முழங்காலில் அவன் கை பழக்கதோஷத்தில் நின்றது. அஞ்சுகம் அவன் முழங்கையைப் பிடித்து மெதுவாக உயர்த்தினாள். கேமரா ஏற ஏற, சுவரிலிருந்து ஆள் பிரிந்து வந்தான். கசங்கிய சட்டை வந்தது, பட்டன் மாற்றிப் போட்டிருந்தது. தொங்கிய கை வந்தது, நகம் வளர்ந்திருந்தது. எட்டு மாதத் தாடி வந்தது. கடைசியில் முகம் வந்தது. திரில்லரில் அந்த இடத்தில் ஜனங்கள் அலற வேண்டும். இது அலறக்கூடிய முகமாக இல்லை. பருத் தழும்போடு, கண் கலங்கி, கொஞ்சம் சப்பையான மூக்கோடு, எங்கே வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒரு முகம். அஞ்சுகம் அதைப் பார்த்தாள். இந்தத் தடவை அவசரப்படாமல் பார்த்தாள்.

ஷூவைக் கழற்றித் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு அவன் வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடினான். வழியில் யாரும் விலகவில்லை. இரண்டு பேர் இடித்துவிட்டு, “கண்ணு தெரியல?” என்று திட்டினார்கள்.

மூக்கம்மா அவனைப் பார்த்தாள். உள்ளங்கைகளை வழக்கம்போல் உயர்த்தியவள், தேட வேண்டியதில்லை என்று தெரிந்தும் அவற்றை இறக்காமல் முகத்தை ஏந்திக்கொண்டாள். “இளைச்சுட்டியேடா” என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

“குடு.”

“என்னம்மா?”

“காகிதம். மூஞ்சிய காட்டுனாப் போடுறேன்னு சொன்னேன்ல. சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

அவள் விளையாடவில்லை. ஊரணி போனால் லாரி வராத நாளெல்லாம் ஒரு மைல் நடந்து குடம் சுமக்க வேண்டியவள் அவள்தான், அது தெரிந்துதான் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நல்லதம்பி காகிதத்தை எடுத்தான். அம்மாவின் கையைப் பார்த்தான். காகிதத்தை நான்காக மடித்து அடுப்பில் போட்டான். அது எரிந்து முடிகிறவரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

மற்ற நூற்றுப் பத்துக் காகிதத்தையும் திரும்ப வாங்க அவன் மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனான். வாசலில் ஐம்பது பேர் மனுவோடு நின்றார்கள். பியூன் மறித்தார்.

“யாருப்பா நீ?”

“நான்தாண்ணே நல்லதம்பி.”

“அடிச்சேன்னா. செயலாளர் உள்ள இருக்காரு. செருப்பைக் கழட்டிட்டு வரிசையில நில்லு.”

“செருப்பே போடலண்ணே.”

“அப்ப நேரா வரிசைக்குப் போ.”

வரிசையில் நின்று அவன் உள்ளே போனபோது, மெத்தை வைத்த நாற்காலியின் மேல், அவன் மில்லில் கழற்றிப் போட்டு வீரகுமாரின் ஆட்கள் எடுத்துவந்த ஷூ இரண்டும் புதுப் பாலிஷோடு இருந்தன. மாலை போட்டிருந்தார்கள். மின்விசிறி அவற்றின் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. வீரகுமார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே” என்ற குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டார். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“எதுக்குத் தம்பி இந்த மூஞ்சிய எடுத்துட்டு வந்த? அது இல்லாம எவ்வளவு நல்லா இருந்த.”

“கையெழுத்தெல்லாம் பயத்துல போட்டது. திருப்பிக் குடுங்க.”

“அதை வாங்கினது நீ இல்லியே, அவருல்ல” என்று வீரகுமார் நாற்காலியைக் காட்டினார். “செருப்பு சிம்மாசனத்துல உக்காந்தது நம்ம நாட்டுக்குப் புதுசா? மிச்சம் ரெண்டு கையெழுத்து இல்லாட்டியும் பரவால்ல, மண்ணு லாரி ஊரணிக்குக் கெளம்பியாச்சு. உன்னால ஆனதைப் பாரு.”

நல்லதம்பி வெளியே திரும்பி ஜனங்களிடம் சொன்னான். நான்தான் அது, என் பேருதான் அது, பயப்பட ஒண்ணும் இல்ல, எல்லாரும் வாங்க என்றான். ஐம்பது பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. “பைத்தியம்போல” என்று ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டாள். அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை. உள்ளே பாய்ந்து மாலையை உருவி எறிந்து, ஷூ இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டான்.

பிடியுங்கள் என்று வீரகுமார் கத்தினார். யாரும் பிடிக்கவில்லை. ஷூ வருகிறது என்று மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள். வரிசை பிரிந்து வழி விட்டது. பியூன் சுவரோடு ஒட்டினார். இரண்டு போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்றார்கள். அப்படியே கடைவீதி, அப்படியே பஸ் நிலையம், கூட்டம் விலகிக்கொண்டே வர, நல்லதம்பி வெறுங்காலில் ஊரணிக்கரைக்கு ஓடிச் சேர்ந்தபோது முதல் லாரி பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. சரிவில் பின் டயர் வரும் வழியில் ஷூக்களை ஜோடியாக வைத்தான்.

டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். வாயிலிருந்த பீடியை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார். “அவரு நிக்கிறாரு” என்று பின்னால் வந்த லாரிக்குச் சைகை செய்தார். ஒன்பது லாரியும் மண்ணோடு திரும்பிப் போயின.

மறுநாளும் வந்து திரும்பின. வீரகுமார் வேறு ஊர் டிரைவர்களைக் கூட்டிவந்தார். அவர்களும் சினிமா பார்த்தவர்கள்தான். ஆள் வைத்து ஷூவை எடுக்கச் சொன்னார், ஆள் கிடைக்கவில்லை. அவரே ஒருநாள் காரிலிருந்து இறங்கி, பத்தடி வரை போய், சுற்றிலும் ஜனங்கள் பார்ப்பதைப் பார்த்து, குனிந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். நூற்றுப் பத்துப் பேரின் வாய்க்கு முடியாததை ஆளில்லாத இரண்டு ஷூ செய்துகொண்டிருந்தது. அஞ்சுகத்துக்கு அது பொறுக்கவில்லை.

“இது பொய்னு ஊருக்குச் சொல்ல வேணாமா?”

“சொல்லத்தான போனேன். கேட்டாங்களா?” என்றான் நல்லதம்பி. “தண்ணி நெறையட்டும்.”

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் விடாமல் பெய்து ஊரணி சரிவு சரிவாக ஏறி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஷூக்களை மூடிக்கொண்டது. மழை விட்டதும் ஊர் குடத்தோடு கரையில் வந்து நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை. உள்ளே அவர் இருக்கிறாரே என்றார்கள். பரிகாரம் கேட்கலாம் என்றார் ஒருவர். கரையில் ஒரு மண்டபம் எழுப்பி அனுமதி கேட்டுக்கொண்டு இறங்கலாம் என்றார் இன்னொருவர். வீரகுமார் மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டத் தேதி குறித்துவிட்டதாகவும் பேச்சு வந்தது. நிறைந்த ஊரணியைப் பார்த்துக்கொண்டு இருநூறு காலிக்குடம் வெயிலில் காத்துக்கிடந்தது.

மூக்கம்மா சத்துணவுக் கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் இடுப்பில் குடத்தோடு வந்தாள். கூட்டத்தை விலக்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை இறங்கினாள். குடத்தால் தண்ணீரை இரண்டு தடவை விலக்கிவிட்டு, அமுக்கி, நிறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

“எப்படிக்கா இருக்கு?” என்று கரையிலிருந்து ஒருத்தி பயந்துகொண்டே கேட்டாள்.

“தண்ணிதான்டி” என்றாள் மூக்கம்மா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

அப்புறம் கேட்டவள் இறங்கினாள், அவளைத் தள்ளிக்கொண்டு இன்னொருத்தி இறங்கினாள், நான்தானே முதலில் வந்தேன் என்று மூன்றாவது ஒருத்தி அவள் முடியைப் பிடித்தாள்.